வயற்பாடலும் விழாமேடையும்: புளூஸ் இசையையும் வன்னியின் கூத்திரவையும் முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

1

1962ஆம் ஆண்டு ஒன்றோடொன்று எவ்விதத் தொடர்புமற்ற இரு கலை நிகழ்வுகளைக் கண்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. மட்டக்களப்புக் கிராமங்களின் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த கூத்து, சில மணி நேரத்துள் அடங்கும் வகையிற் சுருக்கப்பட்டு, கற்றோர் முன்னிலையில் வந்து நின்றது. அதே ஆண்டில், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்ட நாட்டார் புளூஸ் விழாவொன்று மேற்கு ஜேர்மனியைச் சேர்ந்த லிப்மன், ராவ் என்னும் இருவரால் ஒழுங்கு செய்யப்பட்டு ஐரோப்பிய நகரங்களை வலம்வந்தது. ஜோன் லீ ஹூக்கர், மெம்பிஸ் சிலிம், வில்லி டிக்ஸன் முதலியோர் அதிற் பாடினர். பருத்தி வயலோரக் குடிசையிலும் சிக்காகோவின் மதுச்சாலையிலும் பிறந்து வளர்ந்த இசை, கச்சேரி மண்டபத்து இருக்கைகளில் அமர்ந்திருந்தோர் செவிகளை அடைந்தது.

இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆனால் இரண்டின் பின்னாலும் தொழிற்பட்ட சமூக நியதி தற்செயலானதன்று. உழைக்கும் மக்களின் கலை அவர்களது உழைப்புச் சூழலிலிருந்து பெயர்க்கப்பட்டு விழாமேடைக்கு வரும்போது அது எதைப் பெறுகின்றது, எதை இழக்கின்றது, அதனைப் பார்க்க வந்து அமர்பவர் யார் என்பன வெறும் அழகியல் வினாக்கள் அல்ல. வன்னிப் பெருநிலத்தின் பாடல் மரபை ஆராய்வோர்க்கு இவை உடனடி வினாக்களும் ஆகும். ஒப்பீடு என்பது இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதற்கன்று. ஒன்றின் வரலாறு மற்றொன்றில் நாம் காணத் தவறியவற்றைக் காணத் துணை செய்யும் என்ற நம்பிக்கையே இக்கட்டுரைக்கு அடிப்படை.

2

புளூஸ் என்பது துயரப் பாடல் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அக்கூற்று முழுமையானதன்று. துயரம் அடிமைக் காலத்திலும் இருந்தது. அக்காலத்திற் பிறந்தவை கூட்டாகப் பாடப்பட்ட வேலைப் பாடல்களும் பக்திப் பாடல்களுமே. 1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் விடுதலை பெற்றவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. முன்னாள் எசமானின் நிலத்திலேயே அவன் வாரக்குடியானான். விதையும் உணவும் கடனாகப் பெற்று, அறுவடையிற் கணக்குத் தீர்க்கும்போது மீண்டும் கடனாளியாகவே எஞ்சினான். சட்டத்தின் முன் தனிமனிதன், பொருளாதாரத்திற் கட்டுண்டவன் என்ற இந்த முரண்பாட்டிலிருந்தே ‘நான்’ என்று தொடங்கும் பாடல் பிறந்தது. கறுப்பின எழுத்தாளர் லீரோய் ஜோன்ஸ் (பின்னர் அமிரி பராக்கா) 1963இல் வெளியிட்ட ‘புளூஸ் பீப்பிள்’ என்னும் நூலில், புளூஸின் தனிக்குரலை அடிமை ஒழிப்பிற்குப் பிந்திய வாழ்க்கையோடு தொடர்புபடுத்தி விளக்கியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மிசிசிப்பி டெல்ரா எனப்படும் பகுதியே இவ்விசையின் முதன்மையான விளைநிலமாகக் கருதப்படுகின்றது. அது பழமையான வேளாண் நாடன்று. ஆற்றுவெள்ளமும் காடும் காய்ச்சலும் நிறைந்திருந்த தாழ்நிலம். கறுப்பினத் தொழிலாளரின் உழைப்பால் அணைகள் எழுப்பப்பட்டுக் காடு அழிக்கப்பட்டு வயலாக்கப்பட்டது. வயலில் ஒருவர் குரலெடுக்கத் தொலைவிலிருந்து மற்றொருவர் மறுமொழி கொடுக்கும் முறையும், முதலடியை மீட்டும் பாடி மூன்றாமடியில் அதற்கு விடை கூறும் அமைப்பும் இவ்வுழைப்பின் ஒழுங்கோடு தொடர்புடையன. 1912இல் டபிள்யூ. சி. ஹாண்டியின் ‘மெம்பிஸ் புளூஸ்’ அச்சேறியது. 1920இல் மேமி சிமித் பாடிய இசைத்தட்டு பெருவிற்பனையானதும், கறுப்பின மக்களை வாங்குவோராகக் கொண்ட தனி இசைத்தட்டுச் சந்தையொன்று உருவாயிற்று. பாடல் பண்டமாயிற்று.

இயந்திரம் அடுத்த மாற்றத்தைக் கொணர்ந்தது. 1944இல் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அண்மையிலுள்ள ஹொப்சன் தோட்டத்திற் பருத்தி பறிக்கும் இயந்திரம் பலர் காண இயக்கிக் காட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஸ்ரோவல் தோட்டத்து உழவியந்திரச் சாரதியாக இருந்த மடி வாட்டர்ஸ் சிக்காகோவுக்குப் புறப்பட்டுவிட்டார். வயல் தொழிலாளி ஆலைத் தொழிலாளியானான். கிற்றார் மின்சாரம் பெற்றது. புளூஸின் வரலாறு உற்பத்தி உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரிக்கவியலாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

இனி வன்னிக்கு வருவோம். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய இப்பெருநிலமும் காடும் காய்ச்சலும் நீரும் சேர்ந்து உருவாக்கிய நாடே. குளத்தை மையமாகக் கொண்ட சிறு கிராமங்களே இதன் சமூக அலகுகள். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேடு, குடியேற்ற ஆட்சியாளரின் கண்கொண்டு எழுதப்பட்டதாயினும், இக்குளக் கிராமங்களின் நிலையை அறிய உதவும் முக்கிய ஆவணமாகும்.

வன்னியின் பாடல்கள் இவ்வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தோடும் பிணைந்தவை. வயலுக்குள் இறங்கும் காட்டுப் பன்றியையும் கதிரைக் கொத்தும் குருவியையும் பொருளாகக் கொண்ட பன்றிப் பள்ளும் குருவிப் பள்ளும், அருவி வெட்டின்போது வரிசையாக நின்று பாடும் சிந்துகளும், சூடு மிதிக்கையில் மாட்டின் நடையோடு இயைந்து எழும் பொலிப் பாடல்களும் இவ்வகையின. களத்தில் அன்றாடச் சொற்களை வழங்கலாகாது. நெல் அங்கே ‘பொலி’ ஆகிவிடும். இயற்கையின் முன் கையறு நிலையில் நின்ற உழவன், சொல்லையும் ஒரு கருவியாகக் கொண்டான். செ. மெற்றாஸ்மயில் போன்றோர் இப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் இன்று நாம் பேசுவதற்கே சான்றுகள் அருகியிருக்கும்.

‘வேலப்பணிக்கன் ஒப்பாரி’ தனியே நோக்கத்தக்கது. யானை பிடித்த பெண்ணான அரியாத்தையின் கதையைக் கூறுவது இது. வன்னித் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானைகளைச் செலுத்த வேண்டியிருந்தது என்பது வரலாறு. திறை செலுத்தியவர் தலைவர். காட்டுக்குட் சென்று உயிரைப் பணயம் வைத்தவர் பணிக்கர். ஆவணங்களில் யானைகளின் எண்ணிக்கை உண்டு. பிடித்தவரின் பெயர் இல்லை. அப்பெயரை ஒப்பாரியே காத்தது. வன்னியின் வரலாற்றை 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனோடு மட்டும் நிறுத்திக்கொள்வோர், அரியாத்தையையும் அவ்வரலாற்றின் பாத்திரமாகக் கொள்ள வேண்டும்.

எனினும் புளூஸிற்கும் இப்பாடல்களுக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உளது. வன்னிப் பாடலிற் பேசுவது பெரும்பாலும் ‘நாம்’; அல்லது காவிய மாந்தர். குளமும் அதன் கீழுள்ள வயலும் நீர்ப்பங்கீடும் கூட்டுப் பொறுப்பாக இருந்த வரையில் தனிக்குரலுக்கான சமூகத் தேவை குறைவாகவே இருந்தது. ஒப்பாரியில் மட்டுமே, பெரும்பாலும் பெண்ணின் வாயினூடாக, ‘நான்’ வெளிப்பட்டது. இக்கூட்டுத்தன்மையைப் பொன்னுலகமாகக் கற்பித்துக்கொள்ளலும் தவறு. நிலமுடையோரும் கூலிக்கு அருவி வெட்டியோரும் ஒரே வயலில் நின்றனர்; ஒரே பங்கைப் பெறவில்லை. 1844இற் சட்டம் அடிமை முறையை இலங்கையில் ஒழித்த பின்னரும் சாதியின் குடிமைக் கடமைகள் நெடுங்காலம் தொடர்ந்தன. விழாவிற்குப் பறை முழக்கியவர் அதனைக் கலையாகச் செய்யவில்லை, கடமையாகச் செய்தார்.

4

வன்னியின் கூட்டுக் கலையுணர்வை ஒருங்கே காணத்தக்க இடம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலாகும். நந்திக்கடலோரத்தில் அமைந்த இக்கோயிலுக்கு அவ்வொரு நாளில் வந்து கூடும் மக்கள் தொகை மிகப் பெரிது. முன்னர் மாட்டு வண்டிகளில் வந்து மரநிழல்களில் தங்கினர். இன்று பேருந்துகளில் வருகின்றனர். இவ்விழா ஒரேயிரவில் நிகழ்ந்து முடிவதன்று. பாக்குத் தெண்டலுடன் தொடங்கி, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அக்கடல் நீரில் விளக்கேற்றி, பின்னர் மடைப்பண்டத்துடன் வற்றாப்பளைக்கு வந்து சேர்வது அதன் ஒழுங்கு.

இவ்வழக்கத்தின் பின்னுள்ள ஐதிகம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. மதுரையை எரித்த பின் இலங்கைக்கு வந்து பல இடங்களிற் தங்கிய கண்ணகி, பத்தாவது இடமாக இங்கு வந்தாள் என்பர். முதிய பெண்ணின் உருவில் அவள் வந்தது அரசனிடத்தோ அந்தணனிடத்தோ அன்று; கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவரிடத்து. அவர்கள் பொங்கிக் கொடுத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை ஊற்றி ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது. நம்பிக்கையின் உண்மை பொய்யை ஆராய்வது நமது நோக்கமன்று. எண்ணெய் வாங்க வழியற்றவர் உருவாக்கிய கதை இது என்பதே நாம் காண வேண்டியது. 19ஆம் நூற்றாண்டுச் சைவ மறுமலர்ச்சி கண்ணகி வழிபாட்டை விரும்பவில்லை. யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல ஆகம வழிப்பட்ட அம்மன் கோயில்களாக மாறின. வன்னியில் அவள் கண்ணகியாகவே நிலைத்தாள்.

இவ்வழிபாட்டுச் சூழலிலே வழங்கி வந்தவை ‘சிலம்பு கூறல்’ என்னும் பாடலும், முல்லை மோடி எனப்படும் பாணியிலான கோவலன் கூத்தும் ஆகும். அரசன் தீர விசாரியாது ஓர் எளியவனைக் கொன்றான். அவன் மனைவி அவைக்குச் சென்று நீதி கேட்டாள். இக்கதையை ஓர் ஊர் முழுவதும் விழித்திருந்து கேட்கின்றது. அண்ணாவியார் தொடங்க, ஆடுவோன் பாட, பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாட, மத்தளம் அடுத்த அடிக்கு வழி விடுகின்றது. களரியைச் சூழ்ந்திருப்போர் பாட்டை முன்னரே அறிவர். அடுத்து வரவிருப்பது என்ன என்று அறிவதற்காக அவர்கள் அமர்ந்திருக்கவில்லை. கொலைக்களக் காட்சி வரும் நேரத்தில் உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவர். தம் வழக்குத் தீரும் இடத்தில் இருப்பவர் போன்றே அவர்கள் கேட்கின்றனர். பார்ப்போர், ஆடுவோர் என்ற பிரிவு முற்றுப்பெறாத கலை இது. டெல்ராவின் சனிக்கிழமை இரவுக் குடிசையிலும் நிலை இதுவேயாம்: பாடுபவன் மேடையில் இல்லை, அவனுக்கு மறுமொழி கொடுப்பவரும் அவனோடு பருத்தி பறித்தவரே.

5

விழாமேடை இவ்வுறவை மாற்றிவிடுகின்றது. 1963இல் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் மிசிசிப்பி ஜோன் ஹேட் பாடினார். 1928இல் இசைத்தட்டுகளுக்குப் பாடிய பின்னர் கூலி உழைப்பாளியாக ஊரில் மறக்கப்பட்டுக் கிடந்தவர் அவர். அடுத்த ஆண்டில் இசைக்குத் திரும்பிய ஸ்கிப் ஜேம்ஸ் அதே விழாவிற் பாடினார். இவர்களைத் தேடிக் கண்டவர்கள் பெரும்பாலும் நகரத்து வெள்ளையின இளைஞர்கள். 1969இல் ஆன் ஆபரில் நடந்த புளூஸ் விழாவை ஒழுங்கு செய்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள். நன்னோக்கம் கொண்டவர்கள், முதுமையில் அக்கலைஞர்களுக்கு மதிப்பும் ஓரளவு வருவாயும் கிடைக்கக் காரணமானவர்கள். ஆயின் அதே காலத்தில் கறுப்பின இளைஞர் பலர் புளூஸை விட்டு விலகி வேறு இசையை நாடினர். அவர்களுக்கு அது வாரக்குடி வாழ்வின் நினைவு. தந்தை தலைகுனிந்து நின்ற காலத்தின் ஒலி. விழாவிற் கைதட்டியவருக்கோ அது பழமையின் மணம்.

இதனை நமது கூத்து மீட்புடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். வித்தியானந்தன் பணியின் வரலாற்று முக்கியத்துவத்தை மறுப்பாரில்லை. ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று தொடர்ந்த தயாரிப்புகள், இழிந்ததெனக் கற்றோர் ஒதுக்கிய கலையைத் தேசியக் கலைவடிவமாக நிலைநிறுத்தின. 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடகத்திற் செய்ததைத் தமிழில் இவை செய்தன. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்றமை எளிதிற் கடந்து செல்லக்கூடிய நிகழ்வன்று. எனினும் மீட்கப்பட்டது கலை வடிவமே, அதனைத் தாங்கிய உழைப்பு வாழ்வு மீட்கப்படவில்லை, மீட்கப்படவும் முடியாது. பேராதனையில் நாம் கைதட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உழவியந்திரம் வன்னிக் களங்களுட் புகுந்து சூடு மிதிக்கும் மாடுகளை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மாடு போனபின் பொலிப் பாடல் யாருக்காக?

‘இளைஞர் கூத்தை மறந்துவிட்டனர்’ என்று புலம்புவது எளிது. பறை முழக்க மறுத்த இளைஞனையும் இப்புலம்பல் குற்றவாளியாக்குகின்றது. அவன் மறுத்தது தாளத்தையன்று, தாளத்தோடு பிணைந்திருந்த தாழ்வை. கறுப்பின இளைஞனின் விலகலும் இத்தகையதே. கலையைக் காக்க விரும்பும் முற்போக்காளர் முதலில் இம்மறுப்பின் நியாயத்தை ஏற்க வேண்டும். கலைஞன் தன் கலையை உரிமையாகப் பெறாத வரை அதனைக் காக்குமாறு அவனிடம் கோருவது, கடமையை வேறு பெயரால் மீண்டும் சுமத்துவதாகும்.

6

வன்னியில் புளூஸிற்கு மிக நெருங்கிய குரல் எது என்று வினவினால், நாம் வழமையாகத் தேடாத இடமொன்றிலேயே விடை காணலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர், தலைமன்னார்ப் பக்கத்திற் கரையிறங்கி, வன்னியின் விளிம்புகளை ஒட்டிய காட்டுவழிகளால் மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். கங்காணிக்குக் கடன்பட்டு, துண்டில் கட்டுண்டு, தோட்டத்து லயங்களில் வாழ்ந்த அவர்களின் வாழ்வு, டெல்ராவின் வாரக்குடியின் வாழ்வோடு வியக்கத்தக்கவாறு ஒத்தது. அவர்களின் பாடல்களிற் கங்காணியும் துரையும் பேர்ச்சீட்டும் வருகின்றன. பேசுவது பெரும்பாலும் ‘நான்’. சி. வி. வேலுப்பிள்ளை இவற்றைத் திரட்டியமை ஈழத்து நாட்டாரியலுக்குக் கிடைத்த பெரும் பேறு.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1970களின் நடுப்பகுதியிற் தோட்டங்களைத் தாக்கிய பட்டினியும் 1977இன் இனவன்செயலும் ஆயிரக்கணக்கானோரை வடக்கு நோக்கித் தள்ளின. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அவர்கள் காடு வெட்டிக் குடியேறினர். காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குத் துணை நின்றன. அதனை நடத்தியவர்களுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் தம் மரபாகக் கொண்ட மக்கள் இவ்வாறு வன்னி மக்களாயினர்.

ஆயின் ‘வன்னியின் பாரம்பரியம்’ என்ற தலைப்பில் வெளியாகும் மலர்களையும் விழா நிகழ்ச்சி நிரல்களையும் புரட்டும்போது, இம்மக்களின் பாடல் அரிதாகவே கண்ணிற்படுகின்றது. காட்டைக் களனியாக்கியவருள் ஒரு பகுதியினர், காணி உறுதியின்றிக் கூலிகளாகவே பல்லாண்டு வாழ்ந்தனர். பண்பாட்டிலும் அவர்களுக்கு உறுதி வழங்கப்படவில்லை. பாரம்பரியம் என்பது பழமையின் அளவையன்று. யாரை நம்மவர் எனக் கொள்கின்றோம் என்பதன் அளவையுமாகும். அமெரிக்கா தன் அடிமைகளின் வழித்தோன்றல்களின் இசையைத் தேசிய இசையெனக் கொண்டாட நெடுங்காலம் எடுத்தது. கொண்டாடிய பின்னும் அவர்களுக்குச் சமத்துவம் அளிக்கவில்லை. நாமோ முதற்படியிலேயே தயங்கி நிற்கின்றோம்.

7

2004 திசெம்பர் 26ஆம் நாள், விளக்கேற்ற நீர் தரும் அதே கடல் முல்லைத்தீவில் பெருந்தொகையானோரை விழுங்கியது. 2009இன் முதற்பாதியில் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, ஈற்றில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் நிலத்துண்டில் அடைபட்டனர். எண்ணிறந்தோர் அங்கு மாண்டனர். எஞ்சிய 2,80,000 பேர் வரையிலானோர் செட்டிகுளம் முதலிய இடங்களின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். யுத்தம் முடிந்தது மே மாதத்தில். வற்றாப்பளைப் பொங்கலும் வைகாசியில். ஒரே நீரின் இரு கரைகளில், ஒரே பருவத்தில், நினைவேந்தலும் விழாவும் இன்று நிகழ்கின்றன.

நான் கலந்துகொண்ட பொங்கல் இரவொன்றில் ஒலிபெருக்கிகள் பக்திப் பாடல்களை முழக்கிக்கொண்டிருந்தன. கடைத்தெருவின் ஓரத்தில், பிள்ளைகளுடன் பாய்விரித்திருந்த மூதாட்டி ஒருவர், தமக்குள்ளேயே எதையோ பாடிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியின் இரைச்சலில் சொற்கள் கேட்கவில்லை. ஒப்பாரியின் மெட்டு என்பது மட்டும் புலனாயிற்று. ‘யாருக்காக, ஆச்சி?’ என்று வினவினேன். ‘கேக்கிற ஆக்களுக்குத்தான் தம்பி’ என்றார். அவர் காணாமற் போன எவரையும் பெயர்சொல்லிக் கூறவில்லை, நானும் வினவவில்லை.

விழா வேண்டாம் என்பதன்று இதனாற் பெறப்படுவது. நியூபோர்ட் இன்றேல் ஜோன் ஹேட்டின் குரலை உலகம் மீண்டும் கேட்டிராது. பேராதனை இன்றேல் கூத்து இன்று பாடத்திட்டத்தில் இராது. வேண்டுவது, பாடுபவருக்கும் கேட்பவருக்குமிடையே மேடை எழுப்பிய தூரத்தைக் குறைப்பது. இது மூன்று பணிகளை வேண்டி நிற்கின்றது. முதலாவது, வன்னிப் பாடல்களைப் பாடியவரின் உழைப்பு, சாதி, இடப்பெயர்வு ஆகிய விபரங்களோடு பதிவுசெய்தல். பாடியவரை விட்டுப் பாடலை மட்டும் தொகுத்த பழைய முறை போதாது. இரண்டாவது, மலையகத்திலிருந்து வந்தோரின் பாடலையும் பறைக் கலைஞரின் இசையையும் வன்னி மரபின் உள்ளே வைத்து ஆராய்தல். மூன்றாவது, 2009இற்குப் பின் பிறந்த ஒப்பாரிகளை, பாடியோரின் இசைவும் பாதுகாப்பும் பேணி, கேட்டுப் பதிதல்.

கண்ணகி அவையில் வினவியது நீதியை. அக்கூத்தை விடியும்வரை விழித்திருந்து பார்க்கும் மக்கள், அவ்வினாவைத் தமதாகக் கொண்டே பார்க்கின்றனர். அதனைப் பழமையின் அழகாக மட்டும் காணும் ஆய்வு, விழாவிற்கு வந்து ஒலிபெருக்கியை மட்டும் கேட்டுச் சென்றவரின் நிலையையே அடையும்.